மலைநாட்டில் ஒரு கப்பற் பாடம்

கடலைக் கண்ணால் கண்டிராதவர்கள் எங்கள் வகுப்பில் பதினொருவர் இருக்கிறோம். குன்னூரில் பிறந்து, குன்னூரிலேயே வளர்ந்து, மேட்டுப்பாளையம் போய் இறங்கினாலே "அப்பப்பா, என்ன வெயில்!" என்று முணுமுணுக்கும் மலைப் பிள்ளைகள் நாங்கள். இப்படிப்பட்டவர்கள் கப்பலைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று இவ்விதழைப் புரட்டும் அருட்சகோதரியரும் பெற்றோரும் தோழியரும் வியக்கக்கூடும். காரணங்கள் இரண்டு. ஒன்று ஒரு கப்பல். மற்றொன்று ஓர் அக்கா.

முதலில் கப்பலைச் சொல்லிவிடுகிறோம். 2025-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள், இங்கே மாட்டுப் பொங்கல் நடந்துகொண்டிருந்தபோது, மும்பையில் ஐ.என்.எஸ். நீலகிரி என்னும் போர்க்கப்பல் நம் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அப்போது நாங்கள் ஒன்பதாம் வகுப்பு. எங்களோடு படித்த தோழி ஒருத்தியின் தந்தை கடற்படை அதிகாரி. வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரிக்குப் பயிற்சிக்காக வந்திருந்தார். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, அவள் செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி எடுத்து வந்து, "உங்கள் மலை கடலில் மிதக்கிறது, பாருங்கள்!" என்றாள். எங்களுக்கு ஒரே பெருமை. கப்பலின் நீளம் 149 மீட்டர். எடை 6,670 டன். முதுமலைக் காட்டு யானை ஒன்றை நான்கு டன் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரத்து அறுநூறு யானைகளுக்கு மேல் ஆகிறது என்று ஒருத்தி கணக்குப் போட்டாள். இவ்வளவு இரும்பும் மூழ்காமல் எப்படி நிற்கிறது என்று அடுத்தவள் கேட்டாள். அன்று தொடங்கியது எங்கள் ஆராய்ச்சி.

அத்தோழியின் தந்தையார் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கு வந்து எங்களோடு இரண்டு மணி நேரம் பேசினார். அவர் சொல்லித்தான் இதற்கு முன்பே ஒரு நீலகிரி இருந்தது எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் பழைய நீலகிரியை 1968-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் நாள் மும்பை மசகான் கப்பல் தளத்தில் இந்திரா காந்தி அம்மையார் நீரில் இறக்கி வைத்தாராம். 1972-ல் கடற்படையில் சேர்ந்து 1996 வரை உழைத்து ஓய்வு பெற்றது. இரண்டு கப்பல்களும் ஒரே தளத்தில் கட்டப்பட்டவை, பெயரும் ஒன்றே. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பழைய நீலகிரிக்கு வரைபடம் இங்கிலாந்து நாட்டினுடையது. புதிய நீலகிரியை வரைந்தவர்கள் நம் கடற்படையின் வடிவமைப்பு நிலையத்தார். பிறர் வெட்டிக் கொடுத்த துணியைத் தைப்பது ஒன்று. தாமே அளவெடுத்து வெட்டித் தைப்பது மற்றொன்று. அளவெடுத்து வெட்டுகிற அந்த வேலைக்குத்தான் கப்பற் கட்டடக் கலை என்று பெயர்.

இனி அக்காவைப் பற்றி. அவர் எங்கள் பள்ளியில் எங்களுக்கு மேல் வகுப்பில் படித்தவர். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் அக்கா என்றே எழுதுகிறோம். வீடு, கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். அம்மா கொழுந்து எடுக்கிறார். அப்பா தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை. தாய்மாமன் உதகை ஏரியில் துடுப்புப் படகு ஓட்டுபவர். பள்ளி விடுமுறைகளில் அக்கா மாமா வீட்டுக்குப் போய்விடுவார். காலையில் கூட்டம் வருமுன், பனி கலையாத நேரத்தில், மாமா அவரைப் படகில் ஏற்றித் துடுப்பைக் கையில் கொடுப்பாராம். பத்து வயதில் தொடங்கிய பித்து அது.

உதகை ஏரியைப் பற்றி இங்கே இரண்டு வரி சொல்ல வேண்டும். அது இயற்கை ஏரி அன்று. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் மலை ஓடைகளை மறித்துக் கரை போட்டு 1824-ஆம் ஆண்டளவில் உண்டாக்கியது. முன்பு இன்னும் பெரிதாக இருந்ததாம். இன்றைய பேருந்து நிலையமும் முன்பு குதிரைப் பந்தயத் திடலாக இருந்த இடமும் ஏரி விட்டுக் கொடுத்தவை. ஒரு காலத்தில் ஏரியைக் கடக்க ஓடங்கள் ஓடின. இப்போது உல்லாசப் படகுகள் ஓடுகின்றன. உல்லாசத்துக்கு வருகிறவர்கள் படகில் ஏறியதும் எழுந்து நின்று படம் பிடிப்பார்கள். படகுக்காரர்கள் "உட்காருங்க, உட்காருங்க" என்று கத்துவார்கள். ஏன் உட்கார வேண்டும் என்று மாமாவைக் கேட்டு, அவருக்குச் சொல்லத் தெரியாமல் போய், அதையே எட்டாம் வகுப்பில் இயற்பியல் சிஸ்டரிடம் வந்து கேட்டதுதான் அக்காவின் முதற்படி.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் கொச்சிப் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு எழுதி, கப்பற் கட்டடக் கலையில் பொறியியல் படிப்புக்கு இடம் பெற்றார் அக்கா. லயத்தில் சிரித்தார்கள். "மலை மேலே கப்பல் கட்டப் போறியா?" என்று கேட்டவர்கள் பலர். நர்ஸ் படிப்பு, டீச்சர் படிப்பு என்றால் புரியும். இது என்ன படிப்பு, படித்துவிட்டு எங்கே போய் நிற்பாள் என்று அப்பாவிடம் கேட்டவர்கள் இன்னும் பலர். அப்பா வங்கியில் கல்விக் கடனுக்கு எழுதிப் போட்டார். அது வருவதற்குள் கட்ட வேண்டிய பணத்துக்கு அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று.

ஆனால் உண்மையாகவே தடுத்து நின்றவர் அப்பாயி. அக்காவின் அப்பாவைப் பெற்றவர். இவருடைய கதையைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத முடியாது. 1964-ஆம் ஆண்டு லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதன்படி இலங்கை மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்களில் பலர் பிறந்ததும் வளர்ந்ததும் இலங்கையில். அப்பாயியும் அப்படித்தான், அட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1970-களில் ஒரு நாள், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு தகரப் பெட்டியுமாக இரயிலில் தலைமன்னார் வந்து, அங்கிருந்து 'இராமானுஜம்' என்ற கப்பலில் இராமேசுவரம் வந்து இறங்கினார். மண்டபம் முகாமில் சில நாள். பிறகு இரயில், பஸ், நீலகிரி. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே நம் மாவட்டத்தில் அரசு 1968 முதல் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டது. அப்பாயியின் தாயும் தங்கையும் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். தாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

"கப்பல் ஒரு தடவ நம்மள ஏத்திக்கிட்டு வந்து எறக்கிவிட்டது போதாதா? என் பேத்தியையும் வேற கொண்டுக்கிட்டுப் போகணுமா?" என்று அப்பாயி இரண்டு நாள் சோறு உண்ணாமல் படுத்துவிட்டாராம். அக்கா அருகில் உட்கார்ந்து, தாம் கப்பலில் போகப்போவதில்லை, கப்பலை வரைந்து கணக்குப் போட்டுக் கட்டப் படிக்கப் போவதாகச் சொல்லிப் பார்த்தார். அப்பாயிக்கு அது நம்பிக்கை தரவில்லை. அப்பாயிக்கு மட்டுமா? எங்கள் வீடுகளிலும் இந்தக் குழப்பம் உண்டு. கப்பலை ஓட்டிச் செல்லக் கற்பது ஒரு படிப்பு. கப்பலின் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளக் கற்பது இன்னொரு படிப்பு. இவ்விரண்டையும் படித்தவர்கள் மாதக்கணக்கில் கடலில் இருப்பார்கள். கப்பற் கட்டடக் கலைஞருக்கு மேசையிலும் கப்பல் தளத்திலுமே பெரும்பாலும் வேலை. பயணிக் கப்பல், சரக்குக் கப்பல், மீன்பிடி விசைப்படகு, கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை, உதகை ஏரிப் படகு, எல்லாம் அவர் வேலைதான்.

மலைக்கும் கப்பலுக்கும் என்ன உறவு என்று சிரித்தவர்களுக்கு நாங்கள் ஒரு பதில் தேடி வைத்திருக்கிறோம். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகக் கீழே இறங்கினால் நிலம்பூர். அங்கே 1840-களில் மலபார் கலெக்டர் கானலி காலத்தில் தேக்குத் தோட்டம் போட்டார்கள். எதற்கு? கப்பல் கட்ட மரம் தட்டுப்பட்டதால். நம் மலைச்சாரல் தேக்குக்குக் கடலில் அவ்வளவு மதிப்பு. மலபார்த் தேக்கைக் கொண்டு 1817-ல் பம்பாயில் கட்டிய டிரிங்காமலி என்ற பாய்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதந்துகொண்டிருக்கிறது. தேயிலைக்கும் கப்பலுக்கும் உள்ள உறவோ இன்னும் நெருக்கம். சீனத் தேயிலையை மற்றவர்களுக்கு முந்தி இலண்டனுக்குக் கொண்டு சேர்ப்பதற்கென்றே 19-ஆம் நூற்றாண்டில் மெலிந்த உடலும் மலைபோன்ற பாய்களும் கொண்ட கப்பல்களைக் கட்டினார்கள். அவற்றில் புகழ் பெற்ற கட்டி சார்க் 1869-ல் கட்டப்பட்டது. அதன் இரும்பு வங்குகளின் மேல் அறைந்த பலகைகளில் தேக்கும் உண்டு. பாவம், அதே ஆண்டில் சூயஸ் கால்வாய் திறந்துவிட்டது. நீராவிக் கப்பல்கள் குறுக்கு வழியில் போய்விட்டன.

இனி, மிதப்பது எப்படி என்ற கேள்வி. இரும்பு ஆணியைத் தண்ணீரில் போட்டால் அமிழ்ந்துவிடுகிறது. இரும்புச் சட்டியை மெல்ல விட்டால் மிதக்கிறது. சட்டி தன் வயிற்றால் நிறையத் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகிறது. ஒதுக்கப்பட்ட தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையோடு தண்ணீர் சட்டியை மேலே தூக்குகிறது. ஆர்க்கிமிடீசு கண்ட இந்த உண்மையை ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் நெட்டுருப் போட்டிருக்கிறோம். ஐ.என்.எஸ். நீலகிரி 6,670 டன் என்றால், அது கடலில் இறங்கி 6,670 டன் தண்ணீரை ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள் என அதிகாரி சொன்னபோதுதான் நெட்டுருப் போட்டது விளங்கிற்று.

இங்கே எங்களுள் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். "உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறதே, சார், சென்னையில் மிதக்கும் படகு இங்கேயும் அதே ஆழத்தில்தான் மிதக்குமா?" நாங்கள் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. உயரத்தால் ஒன்றும் மாறாது. மேலே வர வர புவியீர்ப்பு மிகச் சிறிது குறைந்தாலும், படகின் எடையும் தண்ணீரின் எடையும் ஒரே அளவாகக் குறைந்துவிடும் என்றார். ஆனால் கடல்நீர் உப்பு நீர். நம் ஏரி நன்னீர். ஒரு கன மீட்டர் நன்னீர் 1,000 கிலோ. கடல்நீர் ஏறத்தாழ 1,025 கிலோ. கடலில் 40 சென்டிமீட்டர் அமிழும் நேர்ச்சுவர்ப் பெட்டி ஏரியில் 41 சென்டிமீட்டர் அமிழும். ஆகவே படகு இங்கே சற்றுத் தாழ்ந்துதான் இருக்கும். விசைப்படகின் எஞ்சினுக்கு மட்டும் உயரம் தொல்லை. இங்கே காற்று மெலிந்திருப்பதால் சமவெளியில் தரும் வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். கேள்வி கேட்டவளை அதற்குப் பிறகு யாரும் கேலி செய்வதில்லை.

மிதப்பது போதாது, நிமிர்ந்து மிதக்க வேண்டும். இதுதான் இக்கலையின் உயிர்நாடி. எங்கள் இயற்பியல் சிஸ்டர் பெரிய அண்டாவில் தண்ணீர் நிரப்பி, பிஸ்கட் டப்பா ஒன்றை மிதக்கவிட்டு, அடியில் கூழாங்கற்களைப் பரப்பி வைத்தார். டப்பாவை ஒரு பக்கம் அழுத்திவிட்டால் அது தானே நிமிர்ந்தது. அடுத்து அதே கற்களை ஒரு துணிப்பையில் கட்டி, டப்பாவின் நடுவே நிறுத்திய குச்சியின் உச்சியில் தொங்கவிட்டார். சுண்டு விரலால் தொட்டதுதான் தாமதம். டப்பா கவிழ்ந்து, தண்ணீர் சிஸ்டரின் அங்கி முழுவதும் தெறித்தது. எடையில் மாற்றமில்லை. எடை இருந்த இடம்தான் மாறியது.

ஸ்வீடன் நாட்டு அரசன் ஒருவன் 'வாசா' என்ற பெரும் போர்க்கப்பலைக் கட்டுவித்தான். 64 பீரங்கிகள், மேலே மேலே தளங்கள், எங்கு பார்த்தாலும் சிற்பங்கள். புறப்படுமுன் முப்பது பேரைத் தளத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடச் சொல்லிச் சோதித்தார்கள். கப்பல் ஆடிய ஆட்டத்தைக் கண்டு அஞ்சிச் சோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஆனால் அரசனிடம் போய்ச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. ஏறத்தாழ 1,300 மீட்டர் போயிருக்கும். ஒரு காற்று வீசியது, கப்பல் சாய்ந்தது, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்தது. கரையில் நின்ற மக்கள் கண் முன்னே மூழ்கிற்று. 1961-ல்தான் அதை வெளியே எடுத்தார்கள். இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைக் கேட்டதிலிருந்து, தெரிந்தும் வாய் திறவாமல் இருந்தவர்களைப் பற்றித்தான் நாங்கள் அதிகம் பேசினோம்.

வாசாவைக் கட்டியவர்களிடம் அனுபவம் இருந்தது; கணக்கு இல்லை. அந்தக் கணக்கைத் தந்தவர் பியேர் பூகே என்னும் பிரெஞ்சு அறிஞர். படகு ஒரு பக்கம் சாயும்போது, தண்ணீருக்குள் இருக்கும் பகுதியின் வடிவம் மாறிவிடுகிறது. ஆகவே தண்ணீர் தூக்கும் விசையின் மையமும் தாழ்ந்த பக்கத்துக்கு நகர்கிறது. அந்த மையத்திலிருந்து நேரே மேல்நோக்கி ஒரு கோடு போட்டால், அது படகின் நடுக்கோட்டை ஓரிடத்தில் வெட்டும். அந்த இடத்துக்கு பூகே 'மெட்டாசென்டர்' என்று பெயர் வைத்தார். படகின் ஈர்ப்பு மையம் அந்தப் புள்ளிக்குக் கீழே இருந்தால் படகு தானே நிமிரும். மேலே போய்விட்டால் கவிழும். உதகைப் படகில் ஒருவர் எழுந்து நின்றால் ஈர்ப்பு மையம் மேலே ஏறுகிறது. "உட்காருங்க" என்று மாமா கத்துவதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது!

எங்களுக்கு இனித்த செய்தி இதற்குப் பின்னால் வருகிறது. பூகே இந்த நூலைக் கடற்கரையில் உட்கார்ந்து எழுதவில்லை. பூமியின் உருவை அளப்பதற்காக 1735-ல் பிரான்சிலிருந்து தென் அமெரிக்கா சென்ற குழுவில் அவரும் ஒருவர். பல ஆண்டுகள் ஆண்டிஸ் மலைகளில், குளிரிலும் பனியிலும் கூடாரமடித்து அளந்துகொண்டிருந்தார்கள். அந்த மலைவாசத்தில்தான் கப்பலைப் பற்றிய நூலின் பெரும்பகுதியை எழுதினார். 1746-ல் பாரிசில் அச்சாயிற்று. அவர்கள் தங்கிய கீட்டோ நகரம் நம் தொட்டபெட்டாச் சிகரத்தை விட உயரமானது. மலைமேல் கப்பலா என்று கேட்பவர்களிடம் இனி இதைச் சொல்லலாம்.

வடிவம் சரியா என்று கட்டிய பிறகு பார்த்தால் பணம் போய்விடும். ஆதலால் சிறு மாதிரி செய்து தொட்டியில் இழுத்துப் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் வில்லியம் ஃபிரவுடு 1870-களின் தொடக்கத்தில் டார்க்கி என்ற ஊரில் நீண்ட தொட்டி கட்டி, மெழுகில் வார்த்த கப்பல் மாதிரிகளை இழுத்துக் கண்ட விதியே இன்றும் வழங்குகிறது. மாதிரியைக் கப்பலில் 25-ல் ஒரு பங்காகச் செய்தால், அதை இழுக்க வேண்டிய வேகம் 25-ல் ஒரு பங்கு அன்று, 5-ல் ஒரு பங்கு, வர்க்கமூலம்! அப்போதுதான் மாதிரி எழுப்பும் அலை, கப்பல் எழுப்பும் அலையை ஒத்திருக்கும். விசாகப்பட்டினத்துக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உள்ள தொட்டி 500 மீட்டர் நீளம். எங்கள் விளையாட்டு மைதானத்தை அதில் பல தடவை போடலாம்.

நம் முன்னோர் இந்தக் கலையில் பின்தங்கியவர் அல்லர். ஏரா, வங்கு, அணியம், அமரம், சுக்கான் என்று கப்பலின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் நம் கரையோரத் தச்சர்களிடம் சொல் உண்டு. முன்முனை அணியம்; பின்முனை அமரம்; அடியில் முதுகெலும்பாக ஓடுவது ஏரா. நம் கட்டுமரம் என்ற சொல்லை உலகம் முழுவதும் எடுத்துக்கொண்டது. ஆனால் மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டிய நம் கட்டுமரம் வேறு. வெளிநாட்டார் அதே பெயரில் அழைப்பது, இரண்டு மெலிந்த உடல்களை மேலே ஒரு தளத்தால் இணைத்த படகு. அப்படி இரட்டை உடலோடு கட்டப்பட்டதுதான் கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா'. 75 பேரை ஏற்றிக்கொண்டு சூரிய ஒளியால் ஓடும் படகு; நம் நாட்டில் இவ்வகைப் பயணிப் படகுகளில் முதலாவது. அதை உருவாக்கிய சந்தித் தண்டாசேரி, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற் கட்டடக் கலை படித்தவர். கரும்புகை இல்லை, எண்ணெய் நாற்றம் இல்லை. உதகை ஏரிக்கு இப்படி ஒன்று வராதா என்று எங்களுக்கு ஆசை. அக்காவின் ஆசையும் அதுவே.

(சிஸ்டர்களுக்காக ஒரு சிறு கணக்கு. தொடக்க நூலில் நோவாவின் பேழைக்குச் சொல்லப்பட்ட அளவுகள் 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். நீளம் அகலத்தைப்போல் ஆறு மடங்கு. ஐ.என்.எஸ். நீலகிரி 149 மீட்டர் நீளம், 17.8 மீட்டர் அகலம். எட்டு மடங்குக்கும் சற்று மேல். வேகமாகப் போக வேண்டியது மெலிந்திருக்கிறது. நோவாவுக்கு எங்கும் அவசரமாகப் போக வேண்டியிருக்கவில்லை.)

பெண்கள் இப்படிப்பைப் படிக்கலாமா என்ற கேள்வியை எங்கள் பெற்றோரில் சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக ரே மாண்டேகு அம்மையாரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். 1935-ல் அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண். அவருடைய ஊரிலும் கடல் கிடையாது. உலகப்போர்க் காலத்தில், பகைவரிடமிருந்து கைப்பற்றிய சிறு நீர்மூழ்கிக் கப்பலொன்றை ஊர் ஊராகக் காட்சிக்குக் கொண்டு வந்தார்கள். தாத்தா பேத்தியை அழைத்துப் போய்க் காட்டினார். உள்ளே போய்ப் பார்த்த சிறுமி, இதைச் செய்ய என்ன படிக்க வேண்டும் என்று அங்கிருந்தவரைக் கேட்டாள். பொறியியல் படிக்க வேண்டும், ஆனால் உனக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. அவள் நிறத்துக்கும் பெண்பிறப்புக்கும் சொன்ன பதில் அது.

பொறியியற் கல்லூரியில் அவருக்கு இடம் இல்லை, வணிகம் படித்தார். 1956-ல் அமெரிக்கக் கடற்படை அலுவலகத்தில் தட்டெழுத்தராகச் சேர்ந்தார். பக்கத்தில் அந்நாளைய பெரிய கணிப்பொறி ஒன்று இருந்தது. பொறியாளர்கள் செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் அவர்கள் அனைவரும் உடல்நலமின்றி விடுப்பில் இருக்க, இவரே அதை ஓட்டிக் காட்டினார். இரவில் படித்துப் படித்து மேலே வந்தார். 1971-ல் போர்க்கப்பல் ஒன்றின் முதல் வரைவைக் கணிப்பொறியால் செய்ய முடியுமா என்று பார்க்க அவருக்கு ஒரு மாத அவகாசம் கொடுத்தார்கள். 18 மணி 26 நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். அதற்கு முன் அவ்வேலைக்கு ஆண்டுக்கணக்கு ஆகும். 2018-ல் தமது 83-ஆம் வயதில் காலமானார். சிறுமிக்குப் பதில் சொன்ன அந்த மனிதர் இதையெல்லாம் அறிந்தாரோ என்னவோ.

எங்கே படிக்கலாம்? நம் நாட்டில் முதலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் 1952-ல் இப்படிப்பு தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறது, இரண்டுக்கும் அகில இந்திய நுழைவுத் தேர்வு. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பத் துறை 1975 முதல் நடக்கிறது. இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் விசாகப்பட்டின வளாகத்திலும் உண்டு. அதன் தலைமையகம் சென்னை. எல்லாவற்றுக்கும் பதினொன்றாம் வகுப்பில் கணிதமும் இயற்பியலும் வேதியியலும் எடுத்திருக்க வேண்டும். அதாவது இன்னும் சில மாதங்களில் நாங்கள் நிரப்பப் போகும் படிவத்தில் ஒரு கட்டத்தில் போடும் குறி இவ்வாசலைத் திறக்கவோ மூடவோ செய்யும். எங்களில் நால்வர் கணிதப் பிரிவு என்று முடிவு செய்திருக்கிறோம். ஐந்தாமவள் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது.

அக்கா கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்திருந்தார். எங்களில் அறுவர் அவர் வீட்டுக்குப் போனோம். தரையில் பலகை போட்டு உட்கார்ந்து, ஊட்டிக் கேரட் ஒன்றை எடுத்தார். குறுக்காக வட்டம் வட்டமாக வெட்டினார். இன்னொன்றை நீளவாக்கில் படுக்கையாக வெட்டினார். மூன்றாவதை நிமிர்த்தி வெட்டினார். கப்பலின் வளைந்த உடலை இப்படி மூன்று விதமாகச் சீவித்தான் தாளில் வரைகிறார்களாம். ஒவ்வொரு சீவலின் பரப்பையும் கண்டு, சிம்ப்சன் விதியால் கூட்டினால் கப்பல் எவ்வளவு தண்ணீரை ஒதுக்கும் என்ற கணக்கு வந்துவிடும். கணிப்பொறி நொடியில் போட்டுவிடுகிற கணக்கைக் கையாலும் போடச் சொல்கிறார்களாம். முதல் தடவை ஒரு சீவலைக் கூட்ட மறந்து, தம்முடைய கப்பல் காகிதத்திலேயே மூழ்கிவிட்டது என்று சிரித்தார். வெட்டிய கேரட் வீணாகவில்லை. அப்பாயி பொரியலுக்கு எடுத்துப் போய்விட்டார்.

பொரியலைத் தாளித்துக்கொண்டே அப்பாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். திடீரென்று, "அந்த இராமானுஜம் கப்பல் அப்பிடி ஆடுச்சு. ஊஞ்சல் மாதிரி மெதுவா இந்தப் பக்கம் சாயும், நிக்கும், அப்புறம் அந்தப் பக்கம் போகும். புள்ளையைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்" என்றார். இத்தனை ஆண்டுகளில் கப்பலில் வந்ததைப் பற்றி அவர் இவ்வளவு பேசியதே இல்லையாம். அக்கா எழுந்து அடுப்பருகே போனார். மெதுவாக ஆடும் கப்பலில் மெட்டாசென்டர் ஈர்ப்பு மையத்துக்குச் சற்றே மேலே இருக்கும். நிறைய மேலே இருந்தால் வெடுக்கென்று வேகமாக நிமிர்ந்து ஆளைத் தூக்கியடிக்கும். பயணிக் கப்பலைக் கொஞ்சம் மெதுவாக ஆடும்படிதான் கட்டுவார்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

"அப்ப அது கவுற இருந்துச்சா இல்லையா?"

"ஒரு தடவ சாஞ்சு, அந்தப் பக்கம் போயி, திரும்பி வர எவ்வளவு நேரம் ஆச்சுன்னு தெரிஞ்சா கணக்குப் போட்டுச் சொல்லலாம், அப்பாயி."

அப்பாயி கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு, கையில் பிள்ளை இருப்பது போல மடித்து வைத்து, உடம்பை மெல்ல ஒரு பக்கம் சாய்த்து, நிறுத்தி, மறுபக்கம் சாய்த்தார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினார்.